ஓமப்பொடி அச்சு போட்ட நீர்மூழ்கி

என் கடைசித் தம்பியின் மகள் ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று செய்துகொண்டிருக்கிறாள். கல்லூரியில் அவளுக்கு இது கடைசி வருஷம். கப்பல் முழங்கை நீளம்தான் இருக்கும். நீல நிற டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் அதை முக்குவதும் எடுப்பதுமாக இருக்கிறாள். துணி உலர்த்தப் போன என்னை நிறுத்தி வைத்துப் பாடம் சொன்னாள்.

"இதுக்குப் பின்னால விசிறி கெடையாது அத்தை. வயித்தால தண்ணிய உறிஞ்சி வாலால பீச்சும். பீச்சுற வேகத்துல முன்னால போகும். ரிமோட்ல திருப்பிக்கலாம்."

நான் கொடியில் புடவையை விரித்துக்கொண்டே கேட்டேன். அவள் முடித்த பிறகு, "நான் பாவாடை கட்டிக்கினு திரிஞ்ச வயசுலயே இது நம்ம வீட்ல ஓடிச்சுடி" என்றேன். இந்த வயசில் அத்தைக்கு மூளை குழம்பிவிட்டது என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பரவாயில்லை, எனக்கு ஓர் அவசரமும் இல்லை.

அப்போது எங்கள் வீடு ஊருக்குள்ளே, கோயில் குளமான அய்யங்குளத்துக்கு அடுத்த தெருவில் இருந்தது. அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, பம்பாயில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். கப்பலின் அடிவயிற்றில் எப்போதும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்குமாம். அதை இறைத்து வெளியே தள்ளும் மிஷின்கள் அவர் பொறுப்பு. லீவில் வந்தவருக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். தாலி கட்டிய வாரமே தந்தி வந்து கப்பலுக்குத் திரும்பிவிட்டார். சித்தி எங்களோடு தங்கினாள். அரிசி களைந்தாள், எனக்குத் தலை பின்னினாள், கிணற்றடியில் பாட்டுப் பாடினாள். வருஷம் ஒன்று போய் இன்னொன்றும் பாதி ஆனபோது, கப்பல் வேலை போதும் என்று சித்தப்பா டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

வீடே அவர்கள் இருவரையும் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சித்தப்பா சித்தியிடம் பேசவே இல்லை. கோபம் கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது, பேச்சும் கிடையாது. மிஷின் சத்தத்திலேயே இருந்து பேச்சு மறந்துவிட்டது என்றார் அப்பா. கூச்சம் என்றாள் அம்மா. தெருவில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள்.

அவர் பேசியது பின்கட்டு விறகுக் கொட்டகையில் இருந்த தகர டப்பாக்களோடுதான். பால் பவுடர் டப்பாக்களை ஒன்றன் பின் ஒன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்து, மூக்கைக் கூராக்கி, கறுப்பு வார்னிஷ் அடித்து ஒரு நீர்மூழ்கி செய்தார். உள்ளே டார்ச் லைட் பேட்டரிக் கட்டைகளும், பெட்டியில் கொண்டுவந்திருந்த சின்ன மோட்டாரும். கப்பலில் ரேடியோ வேலை பார்த்தவர் ஒருவர் இவருக்குச் சிநேகிதம். அவரிடம் கற்றுக்கொண்ட வித்தையால், கையில் ஏந்துகிற ஒரு பெட்டியும் செய்தார். அதில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏரியல் கம்பி ஒன்று, பொத்தான் ஒன்று. பொத்தானை அழுத்தினால் நீர்மூழ்கியின் வால் இடப்பக்கம் திரும்பும். இன்னொரு தரம் அழுத்தினால் நேராகும். அடுத்த தரம் வலது. வலப்பக்கம் போக வேண்டுமானால் இடதையும் நேரையும் தாண்டித்தான் போக வேண்டும். பெட்டிக்கும் கப்பலுக்கும் நடுவில் கயிறு கிடையாது, கம்பி கிடையாது. அதைப் பார்த்த நாளிலிருந்து உலகத்தில் என் சித்தப்பாவைவிடப் பெரிய ஆள் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

வீட்டில் அப்போது எனக்கு ஒரு முக்கியமான உத்தியோகம் இருந்தது. சமையல்கட்டு வாசலுக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு துவைகல்தான். ஒரு பக்கம் சித்தி நிற்பாள், மறுபக்கம் சித்தப்பா உட்கார்ந்திருப்பார். "காபி வேணுமான்னு உங்க சித்தப்பாவக் கேளு" என்பாள் சித்தி. நான் ஓடிப்போய்க் கேட்பேன். "வேணும்னு சொல்லு" என்பார் அவர். நான் ஓடிவந்து சொல்வேன். இருவருக்கும் நடுவில் நான் தேய்ந்துபோனேன். ஒருநாள் கால் வலித்தது. "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது" என்று கத்திவிட்டேன். சித்தி கன்னத்தைத் திருகினாள். கொட்டகையில் ரம்பச் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மறுபடியும் ஆரம்பித்தது.

கார்த்திகை பிறந்ததும் நீர்மூழ்கியை அய்யங்குளத்தில் விட்டார். அப்போது அதற்கு எல்லாக் கப்பலையும்போலப் பின்னால் விசிறிதான். படியிலிருந்து ஜோராகக் கிளம்பியது. பாதி தூரம் போவதற்குள் முக்கிற்று, முனகிற்று, நின்றுவிட்டது. குளித்துக்கொண்டிருந்த ஒருவர் நீந்திப்போய்த் தூக்கிவந்து கொடுத்தார். விசிறி முழுக்க வாழைநார் சுற்றியிருந்தது, சாமிக்குப் போட்ட மாலையின் நார். கடலில் யார் மாலை போடுகிறார்கள்? கப்பல்காரருக்கு அது தோன்றவில்லை. எங்கள் குளத்தில் தண்ணீர் பாதி, பூவும் நாரும் பாதி.

"கப்பல்காரரே, ஊர்ல ஓட்டணும்னா ஊர்த் தண்ணியப் பாத்துச் செய்யணும்" என்று படியில் துணி துவைத்த ஒருத்தி கேலி செய்தாள். சித்தப்பா சிரித்தபடி ஒவ்வொரு நாராகப் பிரித்து எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் விசிறியைப் பிடுங்கிவிட்டார். அவமானத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்து நான் அழத் தயாரானேன். அவரோ பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்து வளைக்க ஆரம்பித்திருந்தார்.

குழாயின் ஒரு வாய் நீர்மூழ்கியின் வயிற்றில் திறந்தது. அங்கிருந்து மேலே ஏறி வளைந்து, வால் வழியாக ஒடுங்கி வெளியே வந்தது. தண்ணீரைத் தள்ளச் சுற்றுகிற தகடு குழாய்க்குள்ளே ஒளிந்துகொண்டது. வயிற்றால் தண்ணீரை இழுத்து வாலால் பீய்ச்சினால் போதும், கப்பல் ஓடும், நாருக்குச் சிக்க ஒன்றும் இருக்காது என்றார். ஆனால் வயிற்று வாயை மூட ஒரு சல்லடை வேண்டும். தண்ணீர் போக வேண்டும், நார் போகக் கூடாது.

"பொடிப் பொடியா ஓட்டை போட்டதா ஏதாவது இருந்தா எடுத்துக்கினு வா" என்றார்.

நான் சமையல்கட்டுக்குள் போய், முறுக்குப் பிழியும் குழலோடு வைத்திருந்த அச்சுகளில் ஓமப்பொடி அச்சைத் தேர்ந்தெடுத்தேன். ஓட்டை பொடிசு, பித்தளை, வட்டம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு கொடுத்தேன். சித்தப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாருது இது?"

"சித்தியோட கல்யாணச் சீரு."

அவர் அதை வேட்டி முனையால் துடைத்தார். ஓரத்தில் வெட்டியிருந்த பெயரை விரலால் தடவினார். திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். கொடுக்கவில்லை. அது நீர்மூழ்கியின் வயிற்றில் அளந்து செய்ததுபோல உட்கார்ந்தது.

பின்கட்டுத் தொட்டியில் தினமும் அதை விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே கட்டளை, ஒரு தம்ளர் தண்ணீர். நான் மொண்டு கொடுப்பேன். அவர் நீர்மூழ்கியைச் சாய்த்து அதன் குழாய் வாய்க்குள் நிதானமாக ஊற்றுவார், குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவதுபோல. அப்புறம்தான் விடுவார். தொட்டியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு அம்புபோலப் பாயும். அதற்கும் தாகம் எடுக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து சித்தியின் அண்ணன் வந்தார். நான் அவரை மாமா என்பேன். தங்கைக்குக் கார்த்திகைச் சீர் கொண்டுவந்திருந்தார். பொரி, வெல்லம், மூட்டை வேர்க்கடலை, சேலை. மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடியை விற்றுவிட்டு, வண்டி மாட்டை எங்கள் வாசலில் கட்டிப்போட்டார். தீபம் பார்த்து, அய்யங்குளத்தில் சாமி வலம் வரும் தெப்பமும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவதாகச் சொன்னார். கிளம்பும்போது தங்கையையும் கூட்டிப்போவது என்று அண்ணனும் தங்கையும் பேசி முடித்திருந்தது வீட்டில் மற்றவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படிப் போகிறவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும். சித்தி பெட்டியில் சேலையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவருக்கு என்னப் புடிக்கலக்கா. புடிக்கலன்னு திட்டினாக்கூட இருந்துடுவேன். வாயத் தொறந்து ஒரே ஒரு வார்த்த என்னக் கேக்கட்டும், அது உப்பு எங்கன்னு கேட்டாலும் சரி. கேக்காத வீட்ல நான் இன்னான்னு இருக்கறது?"

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சித்தி போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவார்கள் என்பதுதான் என் கவலை. அம்மா பின்னினால் வலிக்கும். நேராகக் கொட்டகைக்கு ஓடினேன். சேதி கொண்டுபோவதுதானே என் உத்தியோகம்? கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன், உப்பு உட்பட. சித்தப்பா குழாயின் வால் முனையை அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எப்போ கெளம்புறாங்களாம்?"

"தெப்பம் முடிஞ்ச காத்தால."

"சரி, போ" என்றார். அரம் தேய்க்கும் சத்தம் தொடர்ந்தது. அன்று ஒருநாள் மட்டும் அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

தெப்பம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் விடிந்ததும் சித்தப்பா நீர்மூழ்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அய்யங்குளத்துக்குப் புறப்பட்டார். வழக்கத்துக்கு மாறாக, வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "கொளத்துக்குப் போறேன்" என்றார். நான் பின்னால் ஓடப் பார்த்தேன், ஆனால் சித்தி பிடித்து நிறுத்தினாள். மாமா வண்டியில் மாடு பூட்டிக்கொண்டிருந்தார். சீர்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது ஓர் அச்சு குறைவதைச் சித்தி கண்டுபிடித்திருந்தாள்.

"ஓமப்பொடி அச்சு எங்கடி?"

"கப்பல் வயித்துல."

சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. நான் அவள் பின்னால், எனக்குப் பின்னால் மாமா. அச்சை வாங்கிக்கொண்டு அப்படியே வண்டி ஏறிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

குளத்தின் மேலே முந்தின நாள் பூவெல்லாம் மிதந்தது. சாமந்தி, அரளி, அணைந்த அகல், நார் நாராக மாலைகள். குளிக்க வந்தவர்கள் படியில் கும்பலாக நின்றார்கள். அன்று கேலி செய்தவளும் இருந்தாள். சித்தப்பா கடைசிப் படியில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். நீர்மூழ்கியைத் தண்ணீரில் வைத்து மோட்டாரை முடுக்கினார். உள்ளே 'கொர்' என்று சத்தம் கேட்டது. கப்பல் நகரவில்லை. எடுத்துத் தட்டினார், மறுபடி வைத்தார். அதே சத்தம், அதே இடம்.

"இன்னிக்கு நாரு கூடச் சுத்தல, அதுக்குள்ள நின்னுடுச்சே" என்றாள் கேலிக்காரி. படியில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தொட்டியில் அம்புபோலப் பாய்ந்தது, ஊரே பார்க்கும்போது மானத்தை வாங்குகிறதே.

சித்தப்பா நிமிர்ந்தார். மேல்படியில் நின்ற சித்தியைப் பார்த்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. நடுவில் நான்தான் நின்றேன். சேதியை என்னிடம்தான் சொல்லப்போகிறார் என்று தயாரானேன். அவர் என்னைத் தாண்டிப் பேசினார்.

"உங்க ஊட்டுல பம்புசெட்டு இருக்குதில்ல? மோட்டாரு சுத்துது, தண்ணி இழுக்க மாட்டேங்குது. இன்னாவா இருக்கும்?"

மாமா வாயில் போட்டிருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். சித்தி ஒவ்வொரு படியாக இறங்கினாள், தண்ணீரில் இறங்கினாள், அவர் கையிலிருந்ததை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். தன் அச்சைப் பார்த்தாள். குழாயின் வளைவை விரலால் தடவினாள்.

"காத்துப் புடிச்சுக்கினு இருக்குது" என்றாள். குழாயைத் திருப்பிக் காட்டிச் சொன்னாள்: "குழாய்ல காத்து இருந்தா எந்தப் பம்பும் இழுக்காதுங்க. மொதல்ல தண்ணி ஊத்தி நெரப்பணும். எங்க மோட்டார் கொட்டாய்ல தெனம் நான்தான் ஊத்துவேன். ரொம்ப அடம் புடிச்சா சாணி கரைச்சு ஊத்துவோம். இதுக்குச் சாணியெல்லாம் வேணாம்."

நீர்மூழ்கியை மூக்குக் கீழாகச் சாய்த்து, கையாலேயே தண்ணீரை மொண்டு வால் குழாயில் ஊற்றினாள். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. குமிழி நின்றதும் உள்ளங்கையால் வாலை அடைத்துக்கொண்டு, அப்படியே தண்ணீருக்குள் வைத்தாள்.

"இப்ப போடுங்க" என்றாள். அது அவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் உத்தரவு.

முடுக்கியதும் வாலிலிருந்து பீறிட்ட தண்ணீர் சித்தியின் சேலையை இடுப்புவரை நனைத்தது. நீர்மூழ்கி பூக்களைப் பிளந்துகொண்டு போயிற்று. வேகம் எடுக்க எடுக்க மூக்கு தணிந்து, கறுப்பு முதுகு மறைந்து, தக்கையில் கட்டி மிதக்கவிட்டிருந்த அதன் ஏரியல் கம்பி மட்டும் சாமந்திகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டுக்கொண்டு போயிற்று. சித்தப்பா பொத்தானை அழுத்தினார். கோடு இடப்பக்கம் வளைந்தது. எதிர்ப் படியில் முங்கிக் குளித்த பெரியவர் ஒருவர் காலுக்குக் கீழே எதுவோ போகிறதென்று அலறிப் படியேறினார். நார் ஒன்றும் சிக்கவில்லை. படி முழுக்கக் கைதட்டல். கேலி செய்தவள்தான் எல்லாரையும்விட ஜாஸ்தியாகத் தட்டினாள்.

கப்பல் வட்டம் அடித்துத் திரும்பிவந்து படியில் மோதி நின்றது. மாமா மெல்ல இறங்கிவந்து, நேரமாகிறது, அச்சைக் கழற்றி வாங்கு, போகலாம் என்று தங்கையிடம் சொன்னார்.

சித்தி சேலையைப் பிழிந்தாள்.

"அத ஈயம் வெச்சுப் பத்த வெச்சிருக்காருண்ணா. கழட்டுனா கப்பல் ஓட்டையாப் போவும். நீ போ. அச்சு எப்ப வருதோ அப்ப நான் வரேன்."

மாமா தங்கையைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு வேறு ஒன்றும் கேட்காமல் போய், வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி வாசலில் வைத்தார். அச்சு கடைசிவரை கழலவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் ஓமப்பொடி பிழிந்ததே கிடையாது. எனக்கு உத்தியோகமும் போய்விட்டது. காபி வேண்டுமா என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

இந்தக் கதையைச் சித்தி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு, மருமகள்களுக்கு, வந்தவர்கள் போனவர்களுக்கு எல்லாம். "இத்தன வருஷம் கப்பல்ல பம்பு ஓட்டுன மனுஷன், தண்ணி ஊத்தணும்னு தெரியாம முழிச்சாரு. நான் போய்ச் சொன்னப்பறம்தான் ஓடிச்சு" என்பாள். சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாளும் மறுத்ததில்லை. தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, "ஆமாம், ஆமாம்" என்பார். நானும் அதையே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

இதுவரை எழுதியதைத் தம்பி மகளிடம் படிக்கக் கொடுக்கலாம் என்று நேற்று மாடிக்குப் போனேன். அவள் டிரம் பக்கத்தில் குந்தி, தன் கப்பலைச் சாய்த்துப் பிடித்து, ஒரு குவளையிலிருந்து அதன் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"காத்து இருந்தா இழுக்காது அத்தை. பம்பு பக்கம் போனவங்களுக்கெல்லாம் மொதப் பாடமே இதான்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பின்கட்டுத் தொட்டி, கொட்டகை, என் கையிலிருந்த தம்ளர். தினமும் நான்தானே மொண்டு கொடுத்தேன். அந்த ஒரு காலை மட்டும் அவர் என்னிடம் தண்ணீர் கேட்கவில்லை.

அன்று குளத்தில் நீர்மூழ்கி வளைந்து திரும்பியபோது எல்லாரும் அதையே பார்த்துக் கத்தினார்கள். நான் சித்தப்பாவின் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன். பாருங்க சித்தப்பா, போகுது பாருங்க, அங்க பாருங்க என்றேன். இத்தனை நாள் பாடுபட்டுச் செய்துவிட்டு, ஓடும்போது பார்க்காமல் நிற்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். அவர் பொத்தானை அழுத்திக்கொண்டே, நனைந்த சேலையோடு பக்கத்தில் நின்றவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.